அக்கா எழுதிய வரியில் நான்

1

இதைச் சரியாக நினைவு வைத்திருக்கிறேனா என்பது சந்தேகம்தான். அதற்கும் முன்னால் இன்னொரு சந்தேகம் இருக்கிறது: சரியாகக் கேட்டேனா? எனக்கு இரண்டு காதும் மந்தம். இடது காதில் மெல்லிய குரல்கள் விழாது. வலது காதில் பெரும்பாலும் எதுவும் விழாது. ஆகவே இந்தக் கதையில் யாராவது வாய் திறந்தால், அதில் பாதியை உதட்டைப் பார்த்து ஊகித்தேன், கால்வாசியைப் பிற்பாடு இட்டு நிரப்பினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கால்வாசிக்கு நான் பொறுப்பு.

கதையின் மூலம் ஒரு வரவேற்பாளர். ஒரு காது மருத்துவமனையின் வாசலில் உட்கார்ந்திருப்பவர். அங்கே எல்லோரும் அவரை 'மைக்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். உள்ளே வருகிறவர் எவருக்கும் காது கேட்காது என்று முடிவு கட்டிக்கொண்டு, துணைக்கு வருகிற நல்ல காதுக்காரர்களிடமும், தபால்காரரிடமும், தொலைபேசியிலும் அதே சத்தத்தில் பேசுவார். அவர் எனக்கு இதை ரகசியமாகச் சொன்னார். ரகசியம் என்றால், எதிர்ச் சாரிக் கடைக்காரர்கள் வரைக்கும் தெரிந்த ரகசியம். எங்கே, எப்போது சொன்னார் என்பதை இப்போது சொல்ல மாட்டேன். சொன்னால் முடிவு தெரிந்துவிடும். முடிவைப் பற்றி எனக்கு வேறு யோசனை இருக்கிறது.

நான் மெய்ப்புத் திருத்துபவள். அடுத்தவர் எழுத்தில் பிழை பொறுக்கியே வயிறு வளர்த்தாயிற்று. சொந்தமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. அடித்ததை அடித்தபடியே விடப்போகிறேன். வேறொருவர் பிரதியில் இப்படி விட்டிருந்தால் அன்றைக்கே என் சீட்டைக் கிழித்திருப்பார்கள்.

2

முதல் தொடக்கம்: "மேகத்துக்குள் ஓர் அலமாரி இருந்தது."

அடித்துவிட்டேன். அழகாக இருக்கிறது, அதுதான் கோளாறு. கணினிக்காரர்கள் 'கிளவுட்' என்று சொல்லும் இந்த மேகம் பேருக்குத்தான். உள்ளே போய்ப் பார்த்தால் எங்கோ ஒரு குளிரூட்டிய கட்டடத்தில் இரும்புப் பெட்டிகள் அடுக்கியிருக்கும்; ஒரு காவலாளி கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்.

இரண்டாம் தொடக்கம்: "அக்கா அன்றைக்கு வழக்கம்போல் சீக்கிரமே"

(சீக்கிரமே என்ன செய்தாள்? எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை.)

மூன்றாம் தொடக்கம்: "என் அக்கா எழுதிய ஒரு கட்டளையில் நானும் அகப்பட்டுக்கொண்டேன். எழுதும்போது அவளுக்கு அது உறைக்கவில்லை."

இதை வைத்துக்கொள்கிறேன். இதில் அலங்காரம் இல்லை. கதையும் கிட்டத்தட்ட முழுவதும் இருக்கிறது.

3

அக்கா அந்தக் காது மருத்துவமனையில் மென்பொருள் எழுதுகிறாள். அதிகம் பேசமாட்டாள். எதைக் கொடுத்தாலும் சலித்துச் சலித்துத் தேவையானதை மட்டும் எடுத்துத் தருவாள் என்பதால் மைக் அவளுக்கு 'சல்லடை' என்று பேர் வைத்துவிட்டார். தலைமை மருத்துவரும் சில சமயம் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிடுவார். அவரைப் பெரிய டாக்டர் என்பார்கள். ஆள் குள்ளம்.

மருத்துவமனையின் விவரங்கள் மூன்று இடங்களில் கிடந்தன. வருகிறவர்களின் பெயர், முகவரி, எந்தக் காதில் எவ்வளவு மந்தம் என்பதெல்லாம் ஒரு நிறுவனத்தின் மேகத்தில். யார் என்றைக்கு வரவேண்டும் என்ற நாட்காட்டி இன்னொரு நிறுவனத்தின் மேகத்தில். மூன்றாவதுதான் விசித்திரம். இந்தக் காலத்துக் கேட்புக் கருவிகள் சும்மா காதில் உட்கார்ந்திருப்பதில்லை. போட்டிருப்பவரின் கைபேசி வழியாக, இன்றைக்கு இவ்வளவு நேரம் காதில் இருந்தேன் என்று தம்மைச் செய்தவர்களுக்கு ஒப்பித்துக்கொண்டே இருக்கின்றன.* அது மூன்றாவது மேகம். மூன்றுக்கும் மூன்று வாசல், மூன்று பாஷை.

(* நம் அனுமதி கேட்டுத்தான். கேட்டபோது நமக்குக் காது கேட்கவில்லை. தலையை ஆட்டியிருப்போம்.)

பெரிய டாக்டருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: கருவி பெற்றுப்போனவர்களில், அதைக் கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டவர்கள் யார் யார்? அப்படிச் செய்கிறவர்கள் சொல்லமாட்டார்கள். சண்டை போடமாட்டார்கள். மெல்ல வராமல் நின்றுவிடுவார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் தேட மைக் மூன்று திரைகளைத் திறந்து வைத்து ஒவ்வொரு பெயராக ஒப்பிடவேண்டும். அகர வரிசையில் இரண்டு எழுத்து முடிவதற்குள் கண் பூத்துவிடும்.

அக்கா அந்த மூன்று வாசலுக்கும் ஓர் இணைப்பு மென்பொருளைக் கொண்டுவந்தாள்.

"டிரைவர் போட்டாச்சு," என்றாள் மைக்கிடம்.

"யாரை? நம்மகிட்ட வண்டியே கிடையாதே."

"ஆள் இல்லக்கா. இது ஒரு சாஃப்ட்வேர். நான் எஸ்.க்யூ.எல்.னு ஒரே பாஷையில கேட்பேன். அது மூணு இடத்துக்கும் போயி, அவங்கவங்க பாஷையில கேட்டு, எல்லாத்தையும் ஒரே அட்டவணையா என்கிட்ட கொண்டாந்து தரும்."

"ஓ. எனக்கும் என் மாமியாருக்கும் நடுவுல எங்க வீட்டுக்காரர் மாதிரி."

"கிட்டத்தட்ட. ஆனா இது நடுவுல எதையும் முழுங்காது."

"அப்ப அவர் மாதிரி இல்ல."

பெரிய டாக்டர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அக்கா ஒரு வாக்கியம் எழுதினாள். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: கருவி பெற்றவர்களில், வெகுநாளாகக் கருவி பேசாமல் கிடப்பவர்களை, நாட்காட்டியில் இனி வரும் எந்த நாளிலும் இடம் இல்லாதவர்களை, எடுத்துக் கொடு. எழுதிவிட்டு விசையைத் தட்டினாள்.

இங்கே நான் கொஞ்சம் நிற்கவேண்டும். நான் வாக்கியங்களோடு குப்பை கொட்டுகிறவள். எவ்வளவு நல்ல வாக்கியமாக இருந்தாலும், அது தாளில் கிடக்கும். யாராவது வந்து கண்ணை வைத்தால்தான் அதற்கு உயிர். இந்த வாக்கியம் எழுந்து போயிற்று. ஒன்று மூன்றாகப் பிரிந்து, கடலுக்கு அடியில் கிடக்கும் கம்பிகளின் வழியே, எந்த ஊர் என்று அக்காவுக்கே தெரியாத கட்டடங்களின் கதவைத் தட்டிற்று. ஒவ்வொரு வாசலிலும் தான் யாரென்று அடையாளம் சொல்லிற்று. ஓரிடத்தில் ஒரு பெயரை, இன்னோரிடத்தில் ஒரு வெற்று நாளை, மூன்றாம் இடத்தில் ஒரு காதின் மௌனத்தை வாங்கிக்கொண்டு, கண்மூடித் திறப்பதற்குள் திரும்பி வந்து, மூன்றையும் சேர்த்து ஓர் ஆளாக நிறுத்திற்று. ஓர் ஆள். அடுத்த ஆள். அடுத்தவர். திரை நிரம்பி, அதற்கும் கீழே போய்க்கொண்டே இருந்தது.

அதுவரை அவர்கள் எங்குமே இல்லாதவர்கள். ஒரு மேகத்தில் பெயராக இருந்தார்கள், இன்னொன்றில் இல்லாமையாக இருந்தார்கள். அந்த இல்லாமையைத் தேடிப்போய்க் கூட்டிவரும் ஒரு வாக்கியத்தை நான் இதுவரை எந்தப் பிரதியிலும் திருத்தியதில்லை.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இத்தனை பேரா?"

"இன்னும் கீழ இருக்கு சார்."

"வரலைன்னா நல்லா இருக்காங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன்," என்றார்.

அக்கா கீழே உருட்டிக் காட்டினாள். ஓர் எழுத்து வந்ததும் கையை எடுத்துவிட்டாள். அந்த எழுத்தில்தான் என் பெயர் தொடங்குகிறது. (இது என் கற்பனை. மைக் இதைச் சொல்லவில்லை. ஆனால் என் அக்காவை எனக்குத் தெரியும்.)

4

தங்கை என்கிற பாத்திரம் எனக்கு நம்பும்படியாக அமையவில்லை. பிறத்தியார் பிரதியாக இருந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பேன்: 'கேட்பதற்கு வழி இருந்தும் ஒருத்தி ஏன் கேட்க மறுக்கிறாள்? காரணம் போதாது.'

காரணம் இவ்வளவுதான். கருவியைப் போட்டதும் உலகம் உள்ளே வரவில்லை. உலகத்தின் பாத்திரங்கள் வந்தன. கரண்டி, தட்டு, குழாய், நாற்காலிக் கால். பக்கம் புரட்டும் சத்தம் ஓலை வீடு பற்றி எரிவதுபோல் கேட்டது. நான் படிக்கிறவள். என் மௌனத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தேன். கழற்றி வைத்துவிட்டேன்.

அக்கா விடவில்லை. அவள்தான் என்னை அங்கே கூட்டிப்போனவள், அளவெடுக்க வைத்தவள். வரும்போதெல்லாம் அதே பேச்சு.

"போட்டுக்கிட்டியா?"

"ம்."

"பொய் சொல்லாத. பின்னாடி நின்னு கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவே இல்ல நீ."

"முன்னாடி வந்து நிக்க என்ன கேடு?"

"ஏண்டி இப்படி இருக்க? நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம். கொஞ்சம் குறைச்சு வைப்பார்."

"நீ பார்க்க வர்றது என்னையா, என் காதையா?"

அவள் பதில் சொன்னாளோ என்னவோ. சொல்லியிருந்தாலும் எனக்கு விழுந்திருக்காது. அப்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். பிறகு என் எதிரே வந்து உட்கார்ந்து, நான் உதட்டைப் படிக்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "இனிமே அங்க வான்னு உன்னை ஒரு தடவைகூடக் கூப்பிட மாட்டேன். சத்தியம்."

"மறுபடி அந்தப் பேச்சு வந்தா, நீயும் வராத," என்றேன்.

அதன்பின் அவள் வாரம் ஒருமுறை வருவாள். எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு புத்தகம் படிப்போம். வெளிச்சம் குறைந்ததும் எழுந்து போவாள். எங்களுக்கு மிச்சம் இருந்தது அவ்வளவுதான். அதுவும் அந்த ஒரு சத்தியத்தின் மேல் நின்றது. அக்கா அதற்கு எவ்வளவு மரியாதை கொடுத்தாள் என்றால், அலுவலகத்து அட்டவணையில் ஊராரின் வரிகளையெல்லாம் சலிக்கிறவள், தங்கையின் வரியை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

5

அந்தப் பட்டியலில் உள்ளவர்களையெல்லாம் முறையாகக் கடிதம் எழுதி, கொஞ்சம் கொஞ்சமாக அழைப்பது என்று பெரிய டாக்டர் தீர்மானித்தார். அதற்கு முன்னால், பட்டியலில் இருந்து நாட்காட்டிக்கு நேராகச் சந்திப்புகளை எழுத முடிகிறதா என்று அக்கா பார்க்கவேண்டியிருந்தது. மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, அறையில் வேறு யாரும் இல்லை.

அவள் தொழிலில் ஒரு வசதி உண்டு. தரவுத்தளத்தில் எதையாவது எழுதும்முன் 'ஆரம்பிக்கிறேன்' என்று சொல்லிவிட்டு எழுதலாம். எழுதியது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். பிறகு 'ரோல்பேக்' என்று ஒரே ஒரு சொல். எழுதியது எழுதாததாகிவிடும். கறை இல்லை, தழும்பு இல்லை. சமைக்கிறவர்கள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்ப்பதுபோல, அவள் இதை நாள் முழுவதும் செய்துகொண்டே இருப்பாள். பழகிய கை.

(எங்கள் சண்டை நடந்த அந்தச் சாயங்காலத்துக்கு மட்டும் இப்படி ஒரு சொல் இருந்திருந்தால்

முடிக்கவில்லை. மலிவான வாக்கியம்.)

அக்கா ஆரம்பித்தாள். பட்டியலில் உள்ள எல்லோருக்கும் ஒரு சந்திப்பை எழுதச் சொன்னாள். தலைப்பு வேண்டும் என்றது. சோதனைக்கு எழுதும்போதெல்லாம் அவள் கை தானாக அடிக்கும் சொல்லை அடித்தாள்: 'சும்மா'. குறிப்பு வேண்டும் என்றது. 'சும்மா வாங்க' என்று அடித்தாள். நாள், வரும் வியாழன், நேரம், காலை பத்து, எல்லோருக்கும் ஒன்றே. சோதனைக்கு எது இருந்தால் என்ன. வரிகள் ஒழுங்காக உட்கார்ந்தன. பார்த்தாள், திருப்தி. 'ரோல்பேக்' என்றாள். ஆயிற்று என்றது திரை. எழுந்து தேநீர் வாங்கப் போனாள்.

அந்த அட்டவணை அட்டவணையே இல்லை என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. அட்டவணை மாதிரி முகம் காட்டியது அந்த இணைப்பு மென்பொருளின் மரியாதை. பின்னால் இருந்தது உயிருள்ள நாட்காட்டி. அதில் ஒரு வரி எழுதினால், அந்த வரியில் பேர் உள்ளவரின் கைபேசி அப்போதே அதிரும்.

இதைப் புரிந்துகொள்ள நான் கையேடுகளைத் தேடிப் படித்தேன். உள்ளே எங்கோ ஒரு வரி இருக்கிறது: 'இச்சேவையில் பின்வாங்கும் வசதி இல்லை, கட்டளை ஏற்கப்படும், செயல்படாது.' மெய்ப்புத் திருத்துகிறவளாக அந்த வரியில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது என்று நம் ஆட்கள் சொல்வதை, இவ்வளவு அடக்கமாக யாரும் எழுதி நான் படித்ததில்லை.

6

மறுநாள் காலை அக்கா வந்து உட்கார்ந்தபோது மைக் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டே வாசலில் இருந்து கத்தினார்.

"சல்லடை. என்ன பண்ணித் தொலைச்ச? விடிஞ்சதுலேர்ந்து போன் நிக்கல. வியாழக்கிழமை வரலாமான்னு கேக்கறாங்க. நாம கூப்பிட்டமாம்."

"யாரை?"

"ஊரையே."

அக்கா நாட்காட்டியைக் கேட்டாள். வரிகள் இருந்தன. நேற்று இல்லாமல் ஆக்கிய வரிகள் ஒன்று விடாமல் இருந்தன. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'பதில்' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லாம் காலியாக இருந்தால் அது வெறும் விபத்து. காலியாக இல்லை. அங்கங்கே 'வருகிறேன்' என்று இருந்தது.

மறுபடி அதே கேள்வியைத் தட்டினாள். இன்னும் நாலைந்து 'வருகிறேன்'. மறுபடி தட்டினாள். ஒரு காலிக் கட்டம் அவள் கண்ணெதிரே நிரம்பிற்று.

மைக் சொன்னதில் எனக்கு மிகத் தெளிவாகக் கேட்டது இந்த இடம்தான். "உங்க அக்கா மூச்சுகூட விடலம்மா. தட்டறா, பாக்கறா. தட்டறா, பாக்கறா. கோயில்ல விளக்கு வரிசையா ஏத்துவாங்கள்ல, அதைப் பாக்கற மாதிரி பாக்கறா."

அக்கா இத்தனை காலம் வரிகளைப் பார்த்தவள். வரிகள் அசையா. நீ மாற்றினால்தான் மாறும். இப்போது அவள் தொடாமலே மாறின. எங்கோ ஒரு சமையலறையில் ஒருவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுக்கிறார். இங்கே ஒரு கட்டம் நிரம்புகிறது. எங்கோ ஒருவர் பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி ஒற்றை விரலால் அழுத்துகிறார், இங்கே இன்னொன்று. திரைக்கு அந்தப்பக்கம் யாரோ இருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிவது வேறு, அவர்கள் திரும்பிப் பார்ப்பது வேறு.

சிலர் பதிலோடு குறிப்பும் எழுதியிருந்தார்கள்.

'என்னை இன்னும் ஞாபகம் இருக்கா?'

'யார் கூப்பிட்டதுன்னு தெரியல. வர்றேன்.'

'சும்மாவா? அப்ப சரி.'

பெரிய டாக்டர் படியேறி வந்தார். முகம் கறுத்திருந்தது. "அந்த ஹால்ல முப்பது பேர்கூட உக்கார முடியாது. எல்லாத்தையும் அழி."

"அழிக்கலாம் சார்," என்றாள் அக்கா. "அழிச்சா எல்லாருக்கும் தனித்தனியா 'ரத்து'ன்னு போகும்."

"போகட்டும்."

"ரொம்ப நாளா யாரும் கூப்பிடாதவங்க சார். நேத்து கூப்பிட்டோம். இன்னைக்கு வராதேன்னா…"

மைக் குறுக்கே வந்தார். "வீட்டுக்கு வாங்கன்னு சொல்லிட்டு வாசல்ல பூட்டுப் போடற கதைதான். நான் போன்ல 'வாங்க'ன்னு சொல்லிட்டேன் சார். என் தொண்டையால சொன்னதை எதால அழிப்பீங்க?"

பெரிய டாக்டர் திரையில் குனிந்து குறிப்புகளைப் படித்தார். அவர் படித்துக்கொண்டிருந்தபோதே கீழே ஒன்று புதிதாக வந்து சேர்ந்தது. பிறகு, "நாற்காலி வாடகைக்கு எடுங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எல்லோரும் போனபின் அக்கா முதல்முறையாக என் வரியைக் கேட்டாள்.

இருந்தது. சத்தியம் செய்து கொடுத்த தங்கைக்கு, தன் கையால், 'சும்மா வாங்க'. தெரியாமல் நடந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கட்டளை ஏற்கப்பட்டது, செயல்படவில்லை என்று எந்தத் தங்கையிடம் போய்ச் சொல்வது? அந்த ஒரு வரியை மட்டும் அழிக்கலாம். அழித்தால் எனக்கு 'ரத்து' வரும்: முதலில் சத்தியம் போயிற்று, பிறகு அழைப்பும் போயிற்று என்று ஆகும். மன்னிப்புக் கேட்டு எழுதலாம். எழுதினால் அந்தப் பேச்சை அவளே எடுத்ததாக ஆகும். வாரத்தில் ஒரு சாயங்காலம், எதிரெதிரே இரண்டு புத்தகம். அது போய்விடும்.

பதில் கட்டம் காலியாக இருந்தது. தட்டினாள். காலி. மறுபடி தட்டினாள். சுற்றிலும் மற்றவர்களின் கட்டங்கள் நிரம்பிக்கொண்டிருந்தன.

அவள் அழிக்கவில்லை. எழுதவில்லை. விட்டுவிட்டாள்.

7

என் பக்கத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ஒரு தாவரவியல் நூலின் மெய்ப்பு மேசையில் கிடந்தது. கைபேசி அதிர்ந்தது, படித்தேன், ரத்தம் தலைக்கு ஏறிற்று. சத்தியத்தைக் காற்றில் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

பிறகு அந்த வாக்கியத்தை என் தொழில் முறையில் பார்த்தேன். அக்கா என்னை 'வாங்க' என்று கூப்பிடமாட்டாள். 'வாடி' என்பாள். என்னிடம் எதையும் சும்மா செய்யவும் அவளுக்குத் தெரியாது. அதுதானே எங்கள் சண்டையே. ஆகவே இது எனக்கு எழுதியது இல்லை. எனக்கு எழுதாமலே எனக்கு வந்திருக்கிறது. வேண்டுமென்றே கூப்பிட்டபோதெல்லாம் நான் போகவில்லை. இது

8

வியாழன் காலை பத்து மணிக்கு முன்பே கூடம் நிறைந்துவிட்டது. 'வருகிறேன்' என்றவர்கள் வந்தார்கள். பதிலே எழுதாதவர்கள் அவர்களைவிட அதிகமாக வந்தார்கள். படிக்கட்டிலும் நடைபாதையிலும் நின்றார்கள். அட்டவணைக்கு அதெல்லாம் தெரியாது.

மைக்குக்கு மறக்கமுடியாதது அந்தக் கூட்டத்தின் அமைதி. இத்தனை பேர், ஒரு முணுமுணுப்பு இல்லை. யாரும் கருவி போட்டிருக்கவில்லை. எல்லோரும் அதைக் கொண்டுவந்திருந்தார்கள்: கைக்குட்டை முடிச்சில், மாத்திரை டப்பாவில், ஒருவர் மூக்குக் கண்ணாடிக் கூட்டில். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் காதைத் தொட்டுக் காட்டிக்கொண்டார்கள். நீயுமா? நானும்தான். தோள்கள் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்தார்கள்.

அக்கா வாசலில் நின்றாள். மைக் பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதினார். ஒவ்வொரு பெயரும் அக்காவுக்குத் தெரிந்த பெயர். ஒன்றின் முகமும் தெரியாது. நடக்கிறார்கள், வியர்க்கிறார்கள், படியில் தடுக்கிப் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். தான் ஒரு வாக்கியம் எழுதினோம், அது இத்தனை கால்களோடு திரும்பி வந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்கவேண்டும். கதவுச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாளாம்.

முதலில் உள்ளே போனவர் ஒரு தச்சர்.

"என்ன விஷயமா கூப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"சும்மாதாங்க," என்றார் மைக், தெருமுனை வரைக்கும் கேட்கும்படி.

"அதான் வந்தேன். சிகிச்சைன்னு எழுதியிருந்தா வந்திருக்க மாட்டேன்." டப்பாவைத் திறந்து மேசையில் வைத்தார். "இதைப் போட்டா ரம்பம் மண்டைக்குள்ளயே அறுக்குது டாக்டர். கழட்டிட்டா வீட்டுக்காரி சொல்றது கேக்கல. ரெண்டுல எதை விடறது?"

பெரிய டாக்டர் அந்த இரண்டாவது கேள்வியை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அப்புறம் கருவியைத் திறந்து, ரம்பத்தின் ஒலியை மட்டும் கீழே இறக்க முடியுமா என்று பார்க்க ஆரம்பித்தார். பின்னால் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. வெளியூரில் இருந்த தன் மாணவர்களை உதவிக்கு வரச்சொல்லி மத்தியானம் தகவல் அனுப்பினார். அன்று ஒரு நாளில் முடியவில்லை. அடுத்த நாளும் வரச்சொன்னார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

அக்கா நகரவில்லை. வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

9

இங்கே முடிவு வரவேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: தங்கை வருகிறாள். வரிசையில் நிற்கிறாள். மைக் பெயர் கேட்கிறார், சொல்கிறாள். அக்கா திரும்பிப் பார்க்கிறாள். (இதற்குமேல் எழுதினால் இருவரும் அழவேண்டியிருக்கும். நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை.)

இரண்டாவது: தங்கை வரவில்லை. வார இறுதியில் அக்கா வழக்கம்போல் வருகிறாள், உட்கார்கிறாள், புத்தகத்தைத் திறக்கிறாள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெளிச்சம் குறைகிறது. அவள் எழுந்திருக்கவில்லை.

மூன்றாவது: தங்கை எதிர்ச் சாரி வரை வந்து நிற்கிறாள். அங்கிருந்து பார்க்கிறாள். பேசத் தெரியாத தன் அக்கா, முன்பின் அறியாத ஒவ்வொருவரையும் தங்கையைப் பார்ப்பதுபோல் பார்த்து உள்ளே விடுவதைப் பார்க்கிறாள். வெகுநேரம் நிற்கிறாள். பிறகு

மூன்றில் ஒன்றுதான் நடந்தது. அல்லது மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம். என் மேலாளர்கள் எவராவது இதைப் படித்தால் 'முடிவு விடுபட்டுள்ளது' என்று சிவப்பில் குறித்து அனுப்புவார்கள். விடுபடவில்லை, விட்டிருக்கிறேன். அழைப்பு வந்தபோது எனக்கும் யாரும் இதைச் செய் என்று சொல்லவில்லை. 'சும்மா' என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டார்கள். அப்படி விடப்பட்ட ஒரு பொழுது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை உங்களுக்கும் கொஞ்சம் தருகிறேன்; நான் போனேனா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

10

பெரிய டாக்டர் இப்போதும் அங்கேதான் இருக்கிறார். மாதத்தில் ஒரு காலை, நேரம் குறிக்காமல், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று வைத்திருக்கிறார். மைக் தொண்டைக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டார், பலன் இல்லை. தச்சரின் கருவியில் ரம்பம் இறங்கிவிட்டது, மனைவியின் குரல் ஏறிவிட்டது. சில நாள் அதுவும் அதிகம் என்கிறார். வந்தவர்களில் பாதிப்பேர் கருவியை மறுபடி போட்டுக்கொண்டார்கள், மீதிப்பேர் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் எல்லோரும் வந்துபோகிறார்கள். அந்த இணைப்பு மென்பொருளுக்குப் படிக்கும் உரிமை மட்டும் மிஞ்சியிருக்கிறது. எழுதவேண்டுமென்றால் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். அக்காவை வேலையை விட்டு அனுப்பவில்லை. வாரம் ஒருமுறை வருகிறாள், படிக்கிறாள், போகிறாள். நான் இடது காதில் கருவியைப் பகலில் கொஞ்ச நேரம் போட்டுக்கொள்கிறேன், படிக்கும்போது கழற்றிவிடுகிறேன். அந்த நேரம் எங்கோ ஓர் அட்டவணையில் என் பெயருக்கு எதிரே ஏறுகிறது. அக்கா அதைப் பார்ப்பதில்லை என்கிறாள். நான் நம்புகிறேன்.